ஆயாவின் கல்லறைக் கல்: காசிமேட்டுக் கல் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக் கல்லறைக்குச் செல்லும் வழியில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத கல் பட்டறை ஒன்று இருக்கிறது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் கடப்பாப் பலகைகளையும் பாதி எழுதி முடித்த சிலுவைக் கற்களையும் பார்த்துத்தான் அதை அடையாளம் காண வேண்டும். எங்கள் ஆயாவின் கல்லறைக்கு இங்கேதான் கல் செய்வித்தோம். துக்க வீட்டில் இருப்பவர்கள் வேலையின் தரத்தை விசாரிக்கும் மனநிலையில் இருப்பதில்லை. யாரோ ஒருவர் கைகாட்டிய கடைக்குப் போய், அங்கே காட்டும் மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல்லோ பேரப்பிள்ளைகளின் காலத்துக்குப் பிறகும் அங்கேயே நிற்கப் போகிறது. ஆகவே இந்தப் பட்டறையின் வேலை எதில் சிறந்தது, எதில் குறைபட்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆயா எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லாமல் அந்த வேலையின் அருமையைச் சொல்ல இயலாது என்பதால், அவரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

சென்னையின் பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் புதிய குழிக்கு இடம் கிடைப்பது அரிது. குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் அதையே மீண்டும் திறந்து அடக்கம் செய்வது வழக்கம். எங்கள் தாத்தா 1974-ல் இறந்தபோது அடக்கம் செய்யப்பட்ட இடத்திலேயே ஆயாவையும் அடக்கம் செய்தோம். தாத்தாவின் தலைமாட்டில் ஒரு கடப்பாக் கல் இருந்தது. அதன் உச்சியில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே "மாதாவே துணை" என்ற வரி, பிறகு தாத்தாவின் பெயரும் தேதிகளும். அந்தக் கல்லை எடுத்துவிட்டு இருவருக்கும் பொதுவாகப் புதிய கல் வைப்பதா, அல்லது பழைய கல்லிலேயே ஆயாவின் பெயரைச் சேர்ப்பதா என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் வேறொரு கடையில் விசாரித்தோம். அங்கே எல்லாம் கணினியில் நடக்கிறது. பெயரையும் புகைப்படத்தையும் கொடுத்தால், சில நிமிடங்களில் திரையில் கல் தயாராகிவிடும். சிறகு விரித்த புறா, திறந்த வேதாகமம், மேகங்களுக்கு மேலே ஆயாவின் முகம் என்று வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். மெருகேற்றிய கறுப்புக் கல்லின் மேல்தோலை லேசர் கதிர் நுண்ணியதாகச் சிதைக்கும்போது, பட்ட இடம் சாம்பல் கலந்த வெண்மையாக மாறுகிறது. அந்தச் சாம்பல் புள்ளிகளே சேர்ந்து உருவமாகின்றன. முகச்சாயலைக் கொண்டுவருவதில் அந்த முறைக்கு நிகர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கடையில் மாதிரியாக வைத்திருந்த கல்லை என் அத்தை விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. அத்தை கையை எடுத்துக்கொண்டு, "இது நம்ம அம்மாவுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

காரணம் இதுதான். ஆயாவுக்குக் கடைசிப் பத்தாண்டுகளில் கண் பார்வை ஏறத்தாழ முழுவதுமாகப் போய்விட்டது. கண் நீர் அழுத்த நோய். இழந்த பார்வை திரும்ப வராது என்று மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வோம். தேங்காய் நாரும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு கல்லைக் கழுவிய பின், அவர் தரையில் அமர்ந்து, வலது கைச் சுட்டுவிரலை அந்தக் கடப்பாக் கல்லின் இடது ஓரத்தில் வைப்பார். முதல் எழுத்திலிருந்து தொடங்கி, வளைவுகளுக்குள் விரல்நுனியை ஓட்டியபடி, தாத்தாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லுவார். இறந்த தேதியை எட்டியதும் விரலை எடுத்துவிட்டு ஜெபமாலையைத் தொடங்குவார். உளியால் கால் அங்குல ஆழத்துக்கு வெட்டப்பட்ட எழுத்துகளாக இருந்ததால் மட்டுமே அது அவருக்கு முடிந்தது. அவருடைய பெயரும் அப்படியே படிக்கப்பட வேண்டும் என்பதில் குடும்பத்தில் இருவேறு கருத்து இருக்கவில்லை.

பெயர்ப்பலகை இல்லாத பட்டறையின் மேஸ்திரியிடம் அத்தை இதைச் சொன்னபோது அவர் விலை பேசவில்லை. கையில் இருந்த உளியைக் கீழே வைத்துவிட்டு, "தொட்டுப் படிக்கணும்னா மெஷின் எழுத்து உதவாதும்மா, கையாலதான் வெட்டணும். பழைய கல்லை நான் ஒரு தடவை பாக்கணும்" என்றார். அன்று மாலையே எங்களுடன் கல்லறைக்கு வந்தார். சிறு சுத்தியலின் பின்புறத்தால் கல்லின் பல இடங்களில் மெல்லத் தட்டினார். மேல்பாதியில் கணீரென்று ஒலித்த கல், கீழ்ப்பாதியில் மந்தமாக ஒலித்தது. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் கடற்காற்றின் உப்பும் அடுக்குகளுக்கு இடையே புகுந்துவிட்டால் அது ஏடு ஏடாக உரியத் தொடங்கும். ஆயாவின் பெயரைச் சேர்க்க நாங்கள் நினைத்திருந்த இடம் உளியைத் தாங்காது என்று அவர் சொன்னதை, மறுபடி தட்டிக் காட்டிய அந்த ஒலியே எங்களுக்குப் புரியவைத்தது.

பழைய கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிய கல்லை விற்பதுதான் அவருக்கு இலாபம். அவரோ பழைய கல்லைத் தொடவே கூடாது என்றார். அதற்கு முன்னால், அதே அகலத்தில் சற்றுச் சாய்வான புதிய கல் ஒன்றை வைத்து அதில் ஆயாவின் பெயரை வெட்டலாம் என்பது அவருடைய யோசனை. அமர்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் அது இருக்கும்; பின்னால் இருக்கும் தாத்தாவின் கல்லும் மறையாது. இந்த ஒரு யோசனைக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கலாம் என்பேன்.

கல்லின் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் வெள்ளைச் சலவைக்கல்லை விரும்புகிறார்கள். அமிலம் கலந்த மழைநீரில் சலவைக்கல் மெல்லக் கரையும். தொழிற்சாலைகள் நிறைந்த மணலியும் எண்ணூரும் அருகில் இருக்கும் வடசென்னைக் காற்றில் அதன் பளபளப்பு வெகுகாலம் நிற்பதில்லை. ஆங்கிலேயர் காலத்துச் சலவைக்கற்களில் எழுத்துகளை வெட்டி ஈயத்தை நிரப்பியிருப்பார்கள். ஈயம் உதிர்ந்து, அதைப் பிடித்துவைத்திருந்த துளைகள் மட்டும் எஞ்சியிருப்பதைப் பழைய கல்லறைகளில் இன்றும் காணலாம். மேஸ்திரி எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் வெட்டியெடுக்கும் கறுப்புக் கல். வணிகத்தில் அதைக் கறுப்பு கிரானைட் என்று சொன்னாலும், நிலவியலாளர்கள் இத்தகைய கற்களைப் பெரும்பாலும் டோலரைட், காப்ரோ என்ற தீப்பாறை வகைகளில் சேர்ப்பார்கள். நெருக்கமான மணிகளைக் கொண்டது. நீர் எளிதில் ஊறாது. உளி பட்ட இடம் தானாகவே வெளிர் நிறமாகத் தெரிவதால் வண்ணம் பூச வேண்டியதில்லை.

சென்னைக் கல்லுக்கும் கல்லறைக்கும் பழைய உறவு உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்திருக்கும் கல், பல்லாவரம் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. 1893-இல் அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயராலேயே அந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அதே கருங்கல்லைத்தான் மேஸ்திரி பீடத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த வாசற்படிக் கல்லாம் அது.

இனி எழுத்து வேலை. இதில்தான் இந்தப் பட்டறை மற்ற எல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது. மெருகேற்றிய கல்லின் மீது சுண்ணத்தை மெல்லியதாகப் பூசி, அது காய்ந்ததும் பென்சிலால் கோடு இழுத்து, எழுத்துகளை முதலில் கையால் வரைகிறார். வரைந்து முடித்ததும் குடும்பத்தில் மூத்தவரையும் இளையவரையும் அழைத்து, இருவரையும் தனித்தனியே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். இருவரும் தடையின்றிப் படித்த பிறகே உளியைத் தொடுகிறார். எங்கள் உறவினர் ஒருவருக்கு வேறோர் இடத்தில் செய்த கல்லில் ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டுப் போய், இன்றுவரை அந்தக் குடும்பம் அதைப் பார்த்து வருந்திக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த ஒழுங்கின் மதிப்பை நான் அறிவேன். உளியின் முனை டங்ஸ்டன் கார்பைடு. இருபுறமிருந்தும் சாய்த்து வெட்டி, நடுவில் கூர்மையான பள்ளமாக முடிக்கிறார். அப்படி வெட்டினால் காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் வெயிலில் எழுத்தின் ஒரு பக்கம் நிழலாகவும் மறுபக்கம் வெளிச்சமாகவும் தெரியும். விரலும் பள்ளத்தின் நடுவே வழுக்கிக்கொண்டு போகும். நாளொன்றுக்கு இரண்டு வரிகளுக்கு மேல் அவர் வெட்டுவதில்லை.

தாத்தாவின் கல் 1974-ஐச் சேர்ந்தது என்றேன். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978-இல். ஆகவே பழைய கல்லின் "துணை" என்ற சொல்லில், எழுத்தின் முன்னே துதிக்கை போலச் சுருண்டு மேலேறும் பழைய ஐகார வடிவம் இருக்கிறது. புதிய கல்லில் ஆயாவின் பெயருக்குக் கீழே "மனைவி" என்று வர வேண்டும். இரண்டு கற்களும் முன்னும் பின்னுமாக நிற்கும்போது ஐகாரம் இரண்டு விதமாக இருந்தால் கண்ணை உறுத்தும் என்று மேஸ்திரியே எடுத்துச் சொன்னார். பழைய கல்லின் மேல் மெல்லிய தாளை வைத்து, கரித்துண்டால் தேய்த்து, அந்த எழுத்துகளின் அச்சை எடுத்துக்கொண்டு போனார். புதிய கல்லின் எழுத்துகள் அந்த அச்சிலிருந்து பிறந்தவை. ககரத்தின் வயிறும் மகரத்தின் மூலையும் கூட ஒத்திருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு கல்தச்சர் வெட்டிய கையெழுத்தை இன்னொருவர் மதித்துத் தொடர்ந்திருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. புள்ளிகளையும் அவர் சிறிய கூம்புக் குழிகளாகத் தெளிவாக வெட்டியிருக்கிறார். பழங்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. வாசிப்பவரே இடமறிந்து படித்துக்கொள்வார். விரலால் படிப்பவருக்கு அப்படி விட்டுவிட முடியாது.

என்ன எழுதுவது என்பதற்குத்தான் நெடுநேரம் ஆயிற்று. "மண்ணில்", "விண்ணில்" என்று இரு தேதிகளையும் குறிப்பது எங்கள் பகுதியில் வழக்கம். அதை அப்படியே வைத்துக்கொண்டோம். அதற்கு மேல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொரு வாசகம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாவற்றையும் மேஸ்திரி பொறுமையாகப் படித்தார். பிறகு, "அவங்க என்ன பண்ணுவாங்க, கோயிலுக்கு எப்படிப் போவாங்க, அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். வாடிக்கையாளரிடம் எந்தக் கடையிலும் கேட்காத கேள்வி அது. நாங்கள் சொல்லத் தொடங்கினோம்.

ஆயா 1937-இல் ராயபுரத்தில் பிறந்தவர். ராயப்பர் (புனித பேதுரு) கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, அங்கேயே திருமணம் செய்துகொண்டவர். கடலை நம்பி வாழ்ந்த படகுக்காரர்கள் தங்கள் பொருளைக் கொடுத்து எழுப்பிய கோயில் அது என்பதில் அவருக்கு வாழ்நாள் முழுவதும் பெருமை இருந்தது. முப்பத்தேழு வயதில் கணவரை இழந்தார்; நான்கு பிள்ளைகள். விடியற்காலையில் எழுந்து ஆப்பத்துக்கு மாவைக் கலக்கி வைத்துவிட்டு, முதல் பூசைக்குப் போவார். பூசை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைப்பார். முதல் ஆப்பம் விற்பனைக்கு இல்லை, அன்று காலையில் யார் பசியோடு வாசலில் நிற்கிறாரோ அவருக்கு. "திருப்பலி" என்று எல்லாரும் சொல்லத் தொடங்கிய பிறகும் அவருக்கு அது பூசைதான். சிறுமியாக இருந்தபோது இலத்தீனில் கேட்ட செபங்களை, பொருள் அறியாமலே, கடைசிவரை பிழையில்லாமல் சொல்லுவார்.

பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்று மட்டும் அவரை நினைத்துவிடக் கூடாது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோது, கூட்டத்தில் நெடுநேரம் நின்று, தொலைவில் வெண்மையாக ஓர் உருவத்தைக் கண்டுவிட்டு வந்தவர் அவர். அதே திருத்தந்தை 2002-இல் ஜெபமாலையின் தியானப் பகுதிகளில் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைப் புதிதாகச் சேர்த்தபோது ஆயாவுக்கு அறுபத்தைந்து வயது. சந்தோஷம், துக்கம், மகிமை என்ற மூன்றையும் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த நாவு அது. "அவர் சொல்லிட்டாரு, கத்துக்கணும்" என்று என்னை அருகே உட்காரவைத்து, யோர்தானில் ஞானஸ்நானம் தொடங்கி நற்கருணையை ஏற்படுத்தியது வரை ஐந்தையும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார். அதன் பிறகு அந்த இரகசியங்களுக்குரிய வியாழக்கிழமை எதிலும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேற்றத்துக்குக் காவிச் சேலை கட்டிக்கொண்டு, பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலுக்கு ராயபுரத்திலிருந்து நடந்தே போவார். முழங்கால் வலி வந்த பிறகும் சில ஆண்டுகள் நடந்தார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை வந்த அந்தக் காலையில் ஆயா பூசையில் இருந்தார். கரையோரத்தில் வீடிழந்தவர்களுக்காக, வீட்டில் ஆப்பத்துக்கென்று இருந்த அரிசி முழுவதையும் அன்று கஞ்சியாகக் காய்ச்சினார். அரிசி தீர்ந்ததும், அக்கம்பக்கத்தில் இந்துக்கள், இஸ்லாமியர் என்று பாராமல் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டு வாங்கி மறுபடி காய்ச்சினார். கிறிஸ்து பிறப்புத் திருவிழா முடிந்த மறுநாள் அடுப்பு அணையாமல் எரிந்ததைத் தேவனுக்குச் செய்த காணிக்கை என்றுதான் அவர் எண்ணினாரே தவிர, தான் செய்த உதவி என்று ஒருநாளும் பேசியதில்லை.

நவம்பர் முழுவதும், இறந்த பின் பரலோகம் சேரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லுக்கு வேண்டிய மெழுகுவர்த்திகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு கட்டைக் கையில் வைத்துக்கொள்வார். யாரும் வந்து சுத்தம் செய்யாத கல்லறைகளைத் தேடிப் போய், புல்லைக் கிள்ளிவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அந்தப் பெயருக்காக ஒரு மன்றாட்டு சொல்லுவார். பார்வை போன பிறகு, அந்தப் பெயர்களையும் விரலால் படித்தார். எழுத்து தேய்ந்து படிக்க முடியாத கல்லாக இருந்தால், "பேர் தெரியாத ஆத்துமாவே" என்று அழைத்து மன்றாடுவார்.

இதைக் கேட்டதும் மேஸ்திரி எங்கள் தாள்களை மடித்துக் கொடுத்துவிட்டு, ஆயாவே வேண்டிக் கேட்கக்கூடியதை மட்டும் எழுதினால் போதும் என்றார். அவர் சொன்னது சரி என்று எல்லாருக்கும் தோன்றியது. இப்போது அந்தக் கல்லில் இருப்பவை: ஞானஸ்நானப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், இன்னாரின் மனைவி என்ற வரி, இரு தேதிகள், "இங்கு நிற்பவர் இவருக்காக வேண்டிக்கொள்ளவும்" என்ற ஒரே வாக்கியம். புகைப்படம் இல்லை. செபம் செய்யும்போது யாராவது படம் எடுத்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவர் அவர். அதை அறிந்திருந்தும் அவர் முகத்தைக் கல்லில் வைக்க என் பெரியப்பா முதலில் விரும்பினார், பிறகு அவரே விட்டுக்கொடுத்தார்.

அத்தையின் வேண்டுகோள் ஒன்றையும் மேஸ்திரி நிறைவேற்றித் தந்தார். கல்லின் கீழ் விளிம்பில் பத்து சிறு மணிகளும், தொடக்கத்தில் சற்றுப் பெரிய மணி ஒன்றும் புடைப்பாக நிற்கின்றன. பெரிய மணியில் ஒரு பரலோக மந்திரமும், சிறிய மணிகளில் பத்து மங்கள வார்த்தை மந்திரமும் சொல்லி, ஜெபமாலையின் ஒரு பகுதியை விரலாலேயே முடிக்கலாம். புடைப்பு வேலை கடினமானது. மணியைச் சுற்றியுள்ள கல்லை எல்லாம் இறக்க வேண்டும். மணியின் மேற்பரப்பை அவர் மெருகேற்றி, சுற்றியுள்ள தரையைச் சொரசொரப்பாக விட்டிருக்கிறார். இருட்டிலும் கை தவறாது.

இன்னொரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். கல்லறைக் கற்களைப் பெரிதும் கெடுப்பது மெழுகுதான். உருகி வழிந்த மெழுகு எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கி உறைந்துவிடும். அதைக் கத்தியால் சுரண்டும்போது எழுத்தின் விளிம்பு உடையும். இதைத் தவிர்க்கப் பீடத்தின் இரு ஓரங்களிலும் மணல் நிரப்பும் ஆழமான குழிகளை மேஸ்திரி வெட்டியிருக்கிறார். மெழுகுவர்த்தியை அந்த மணலில் ஊன்றினால் போதும். கல்லின் முகத்துக்குச் சூடும் புகையும் எட்டாது. கல்லைப் பீடத்தோடு பொருத்த இரும்புக் கம்பியைப் பயன்படுத்தவில்லை. கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும் என்பதால், கல்லிலேயே கொண்டியும் குழியுமாகச் செதுக்கி இறக்கியிருக்கிறார்.

விலையைப் பொறுத்தவரை, கல்லுக்குச் சதுர அடிக் கணக்கு, எழுத்துக்கு எண்ணிக்கைக் கணக்கு. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தை ஒன்றாகவே எண்ணுகிறார். புள்ளிக்குத் தனியே வாங்குவதில்லை. மணி ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகக் கணக்கிட்டார். பீடம், வண்டிக் கூலி, நிறுவும் கூலி உட்பட 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. கணினிக் கடையில் கேட்டதைவிட இது கூடுதல். வேலையின் நேர்த்தியைப் பார்த்த பிறகு இதை அதிகம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. கல்லறை அலுவலகத்தில் கல் வைப்பதற்கான அனுமதியை வாங்க நாம்தான் போக வேண்டும். அளவு எழுதிய தாளை அவர் கொடுத்துவிடுகிறார்.

குறைகளும் உண்டு. மதிப்பீட்டையோ இரசீதையோ எழுதித் தரும் பழக்கம் அங்கே இல்லை; எல்லாம் வாய்ச்சொல்தான். சொன்ன தேதியில் வேலை முடியாது. மழை நாள்களில் அவர் உளியைத் தொடுவதில்லை. தொலைபேசியை எடுப்பதும் அரிது. எங்கள் கல்லின் பக்கவாட்டு விளிம்பு ஒன்றில் மெருகு சீராக இல்லை. சுட்டிக்காட்டியதும் சரிசெய்தார், ஆனாலும் கூர்ந்து பார்த்தால் தெரியும். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்றால் இவரிடம் போக வேண்டாம். தமிழில் அவர் கைக்கு இருக்கும் அழகு அதில் இல்லை. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, பின்பக்கத்தில் வெட்டுப்பொறி இயக்கும் இளைஞர்கள் முகக்கவசம் இல்லாமல் வேலை செய்வதுதான். கிரானைட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் அது ஆறாத நோய். மேஸ்திரி தன் கல்லை நனைத்துக்கொண்டு வெட்டுகிறார். அந்த ஒழுங்கு பின்பக்கத்திலும் வர வேண்டும். இதை அவரிடம் நேரிலேயே சொன்னோம். வாங்கிக் கொடுக்கிறேன் என்றார். அங்கே செல்பவர்கள் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இந்தப் பட்டறையில் கல் செய்ய எண்ணுவோர், கல்லறைத் திருநாளை மனத்தில் வைத்து, ஆறு மாதம் முன்னதாகவே, பாஸ்குத் திருவிழா (ஈஸ்டர்) முடிந்த கையோடு சென்று சொல்லிவிடுவது நல்லது. அக்டோபர் பிறந்துவிட்டால் புதிய வேலை எதையும் அவர் ஏற்பதில்லை. அந்த மாதம் முழுவதும் பழைய கற்களைத் தூய்மைப்படுத்தி, தேய்ந்த எழுத்துகளை மீண்டும் ஆழப்படுத்தும் வேலைதான் நடக்கும். பழைய கல் இருந்தால் அதன் படத்தையும், பங்குக் கோயில் பதிவேட்டில் உள்ளபடி பெயரையும் தேதிகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் சென்றால் மேஸ்திரியிடம் உட்கார்ந்து பேசலாம். இறந்தவரோடு நெருங்கி வாழ்ந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேள்வி கேட்பார்.